தொண்டை வரை டீசல்

லிட்டருக்குப் பதிமூன்று கிலோமீட்டர்! பூட்டுக்கடைக்காரருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. வண்டியை விற்றுக் கொடுத்த புரோக்கர், பதினேழுக்குக் குறையவே குறையாது என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான். புரோக்கர் பேச்சில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், அவர் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. ஆனால் அதே வண்டியை அதே தெருக்களில் ஓட்டுகிற சகலை, தனக்கு இருபத்துமூன்று கொடுக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாரே, அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

வண்டி இரண்டு குடும்பத்துக்கும் பொது. பூட்டுக்கடைக்காரர் அக்காவைக் கட்டியவர், கீழ்வீட்டில் இருக்கிறார். கர்ட்டன்காரர் தங்கையைக் கட்டியவர், மாடியில் இருக்கிறார். பூட்டிக்கொண்டு சாவியைத் தொலைத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் இவர் ஓட வேண்டும். ஜன்னல் அளவெடுக்கவும் திரைச்சீலை மாட்டவும் அவர் ஓட வேண்டும். ஆளுக்கொரு வண்டி வாங்க வழியில்லை. அதனால் பாதிப் பாதி போட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு பழைய டீசல் காரை வாங்கினார்கள். ஒரு வாரம் இவருக்கு, மறுவாரம் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டேங்கை ஃபுல்லாக நிறைத்துச் சாவியை மற்றவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஓட்டினவன் ஓட்டின டீசலை ஊற்றிவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். இதைவிட நேர்மையான ஏற்பாட்டை யாரும் யோசிக்க முடியாது என்று முதல் மாதம் முழுக்க இரண்டு பேரும் மெச்சிக்கொண்டார்கள்.

சகலை என்றால் பெயருக்குச் சகலை இல்லை. பூட்டுக்கடைக்காரருக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. சிநேகிதர்கள் என்று இருந்த நாலைந்து பேரையும் இவரே ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக் கழித்துக்கட்டிவிட்டார். ஒருத்தன் கடையில் வந்து உட்காருவது சாவி அச்சைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று நினைத்தார். இன்னொருத்தன் அடிக்கடி ஃபோன் பண்ணுவது கடன் கேட்க அடிபோடத்தான் என்று முடிவு கட்டினார். மிச்சம் நின்றது இந்த ஒரு மனுஷன்தான். கல்லடைப்பு வந்து இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தன் வேலையை விட்டுவிட்டுப் பூட்டுக்கடையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தவர் சகலை. சாவி போடத் தெரியாது, பூட்டைக் கழற்றத் தெரியாது. வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து, முதலாளி வந்துவிடுவார் என்று பேசியே சமாளித்திருக்கிறார். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்ததும் இரண்டு பேரும் கீழ்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்தபடி ஒரு மணி நேரம் பேசாமல் போனால், பூட்டுக்கடைக்காரருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் அவரிடம் பேச இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட சகலையை எடுத்த எடுப்பிலேயே சந்தேகப்பட்டார் என்று சொன்னால் அது அபாண்டம். முதலில் அவர் வண்டியைத்தான் சந்தேகப்பட்டார்.

மெக்கானிக்குக்கு அந்தத் தெருவில் ஹாரன் என்று பெயர். அமுக்கினால்தான் அந்த ஆளிடமிருந்து சத்தம் வரும். பூட்டுக்கடைக்காரர் வண்டியை அவன் பட்டறையில் விட்டுவிட்டுப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார், எந்த நல்ல பாகத்தைக் கழற்றி எந்த ஓட்டை பாகத்தை மாட்டுவானோ யார் கண்டது? ஹாரன் ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினான். பழைய தலையணை மாதிரி அழுக்கேறி, சருகும் பூச்சியுமாக அடைத்துக்கிடந்தது. அதை மாற்றினான். டயரில் காற்று குறைந்திருந்தது, பிடித்தான். வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரம் ஒவ்வொன்றையும் கையால் சுற்றிவிட்டு, பிரேக் எங்கேயாவது உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டான். பூட்டுக்கடைக்காரரும் எழுந்துபோய்க் காது கொடுத்துக் கேட்டார். எஞ்சின் வேண்டிய அளவுக்குச் சூடேறுகிறதா, டீசல் எங்காவது கசிகிறதா, இன்ஜெக்டர் நாலும் ஒழுங்காகத் தெளிக்கிறதா என்று அன்றைய பொழுது முழுக்க ஓடியது.

அடுத்த முறை கணக்குப் பார்த்தால் பதிமூன்றரை. அரைக் கிலோமீட்டருக்கா இத்தனை பாடு என்று பூட்டுக்கடைக்காரர் மறுபடியும் பட்டறைக்குப் போய் நின்றார். சகலை கம்பிகள் ஏற்றுவதற்காகக் கூரையில் மாட்டியிருந்த கேரியரைக் கூடக் கழற்றச் சொன்னார், காற்றை வாங்கி இழுக்கிறதோ என்று. அந்த வாரம் கேரியர் இல்லாமல் ஓட்டிப் பார்த்ததிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, திரும்ப மாட்டச் சொல்லிவிட்டார். டீசலை எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று ஹாரன் கேட்டான். ஃபுல் பண்ணி எடுத்து, ஃபுல் பண்ணிக் கொடுக்கிறோம், இரண்டு பேருமே அப்படித்தான் என்று இவர் சொன்னதும், அதற்கு மேல் கேட்க அவனுக்கும் ஒன்றும் இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல சார். இனிமே வண்டிக்கு வெளிய பாருங்க."

வாய் திறக்காதவன் திறந்து சொன்ன வார்த்தை ஆயிற்றே! பூட்டுக்கடைக்காரர் அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வண்டிக்கு வெளியே என்றால் முதலில் நிற்பது பெட்ரோல் பம்ப். அங்கே அவரை ஏமாற்ற இன்னொருத்தன் பிறந்து வர வேண்டும். வண்டியை நிறுத்தியதும் இறங்கிவிடுவார். மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று குனிந்து பார்ப்பார். டேங்க் நிறைந்ததும் நாசில் டக் என்று தானாக நிற்கும் பாருங்கள், அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. டீசல் நுரைக்கிற சாமான். நுரை ஏறி முனையைத் தொட்டதும் அது நின்றுவிடுகிறது, உள்ளே பாதிக் காற்று, அதை ஃபுல் என்று தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி. அதனால் டக் என்றதும் வண்டியை இடுப்பால் முட்டி முட்டி ஆட்டுவார். நுரை அடங்கட்டும் என்பார். இன்னும் கொஞ்சம் விடு, நிறுத்து, இன்னும் கொஞ்சம் விடு என்று பம்ப்காரனின் உயிரை எடுத்து, டேங்கின் தொண்டையில் டீசல் பளபளவென்று கண்ணில் தெரிகிற வரைக்கும் ஊற்ற வைத்துவிட்டுத்தான் மூடியைப் போடுவார். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்தால் திரும்பி ஒரு முறை முறைப்பார். வாடிக்கையாக ஊற்றும் பம்பில் அவர் வண்டி தலையைக் காட்டினாலே ஊழியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவு பார்த்து ஊற்றியும் பதிமூன்று என்றால் பம்பில் தப்பு இல்லை. வண்டியில் தப்பு இல்லை. தன்னிடம் தப்பு இருக்க வாய்ப்பே இல்லை. பாக்கி யார்?

அந்த நினைப்பு முதலில் வந்தபோது அவருக்கே சீ என்று இருந்தது. ஆனால் சந்தேகம் அவர் மனசில் ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை டேங்கை நிறைத்துவிட்டு, கொண்டுவந்து கொடுப்பதற்குள் நாலைந்து லிட்டரை உறிஞ்சி எடுத்துவிட்டால்? முள் அப்போதும் ஃபுல்லில்தானே நிற்கும்! அந்தக் குறை இவர் வாரத்துக் கணக்கில் வந்து விழும். இருபத்துமூன்று கொடுக்கிறது என்று சகலை வாய்க்கு வந்ததைச் சொல்வதும் அதற்காகத்தான். இந்தப் பழைய வண்டியாவது, இருபத்துமூன்று கொடுப்பதாவது! யார் காதில் பூ சுற்றுகிறார்?

அப்புறம் எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிந்தது. ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு ஒரு மத்தியானம் சகலையின் பட்டறைக்குப் போனார். தையல் மெஷின்களுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜெனரேட்டர் நின்றது. கரண்ட் போனால் ஓட்டுவதற்கு. எதில் ஓடும் என்று கேட்டார். டீசலில்தான் அண்ணே என்றார் சகலை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். சுவரில் ஒரு ஆணியில், சுருட்டி மாட்டிய நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி. சகலை டீ சொல்ல வாசலுக்குப் போன நேரம் பார்த்து, பூட்டுக்கடைக்காரர் குழாயின் நுனியை எடுத்து மோந்து பார்த்தார். டீசல் வாசனை துளிகூட இல்லை. கழுவிவைத்திருக்கிறான், எவ்வளவு ஜாக்கிரதை பார் என்று நினைத்துக்கொண்டார். டீ வந்தது. குடிக்கவே முடியவில்லை.

வீட்டில் பெண்டாட்டியிடம் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அவரு உங்களுக்குச் சகல மட்டும் இல்ல, என் தங்கச்சி வீட்டுக்காரரு. பாத்து வாயத் திறங்க."

வாயைத் திறக்காமல்தான் இருந்தார். கையால் செய்தார். கடையில் இருந்து நல்ல உறுதியான ஒரு பூட்டை எடுத்து, இரண்டு நாள் அரத்தால் ராவி, டேங்க் மூடியில் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரி மாட்டினார். வேலை என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது, கம்பெனியில் இருந்தே அப்படி வந்த மாதிரி இருந்தது. சாவி ஒன்றே ஒன்றுதான் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சகலை தன் முறைக்கு வண்டியை எடுக்க இறங்கி வந்தார். தோளில் கர்ட்டன் கம்பிகள். கேரியரில் கட்டி முடித்துவிட்டு மூடியைப் பார்த்தவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நம்ம கடைப் பூட்டாண்ணே? நல்ல வேலை பண்ணீங்க. இப்பல்லாம் நிறுத்தி வச்ச வண்டில கை வைக்கிறானுங்களாம்."

"சாவி ஒண்ணுதான் சகல. அது எங்கிட்டயே இருக்கட்டும். இனிமே ஞாயித்துக்கிழம நாம ரெண்டு பேரும் சேந்து போயே ஊத்திக்கலாம்."

சகலை சிரித்தபடியே ஏதோ சொல்ல வந்தார். பாதியில் நிறுத்தினார். பூட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"அண்ணே, நான் டீசல் எடுத்தேன்னு நினைக்கிறீங்களா?"

அந்த இடத்தில் சேச்சே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை வாரம் உள்ளே வைத்துப் புழுங்கின மனுஷன் அல்லவா, வேறு வார்த்தை முந்திக்கொண்டது.

"நான் நினைக்கல சகல. கணக்கு சொல்லுது."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தனக்குப் பதிமூன்று கொடுப்பது, ஹாரன் சொன்னது, ஜெனரேட்டர், குழாய் எல்லாம். சகலை குறுக்கே பேசாமல் கேட்டார். குழாய் என்றதும் மட்டும், அது ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் மட்டம் பார்க்கிற குழாய், தண்ணீர் ஊற்றிப் பிடித்தால் கம்பி கோணாமல் மாட்டலாம் என்று, வாடிக்கைக்காரருக்கு விளக்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். கடைசியில் நேராக இவர் முகத்தைப் பார்த்தார்.

"நான் எடுக்கலண்ணே."

ஒரே தரம்தான் சொன்னார். சகலை கத்தியிருந்தால், குற்றமுள்ளவன்தான் கத்துவான் என்று பூட்டுக்கடைக்காரர் நினைத்திருப்பார். கத்தாமல் போனதும், எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரன் பார் என்று தோன்றியது. இந்த மாதிரி ஒரு புத்திக்கு முன்னால் எந்த மனுஷன்தான் தப்பிக்க முடியும்? சகலை வண்டிச் சாவியைப் பானெட்டின் மேல் வைத்தார். கேரியரில் கட்டியிருந்த கம்பிகளை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனார்.

வண்டிப் பங்கை எப்படித் தீர்ப்பது என்று அக்காவும் தங்கையுமே பேசி முடித்துக்கொண்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கொடியில் காய்கிற துணியை மழை வந்தால் ஒருத்திக்கொருத்தி எடுத்துவைப்பது கூட நடந்தது. தங்கை கீழே வந்து உட்கார்ந்து பேசுவது மட்டும் நின்றுபோனது.

இனிமேல்தான் பாருங்கள் கூத்து. வண்டி முழுக்கத் தன் கைக்கு வந்த பிறகு பூட்டுக்கடைக்காரர் கணக்குப் பார்த்தார். பதினேழு! அடுத்த வாரமும் பதினேழு. அதற்கடுத்த வாரமும் அதே. புரோக்கர் சொன்னது அட்சரம் பிசகாமல் வந்து நின்றது. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். சகலை கை பட்ட வரைக்கும் பதிமூன்று, கை விலகியதும் பதினேழு, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பெண்டாட்டியிடம் போய்ச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பட்டறைக்குப் போய் ஹாரனிடம் சொன்னார். அவன் ம் என்றான்.

ஜெயித்தாயிற்று. ஆனால் ஜெயித்ததைச் சொல்லிக் கொண்டாட ஆள்? சாயங்காலமானால் பூட்டுக்கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பார். எதிர் நாற்காலியில் தினசரிப் பேப்பர் கிடக்கும். கர்ட்டன் கம்பிகளைத் தோளில் சுமந்துகொண்டு சகலை பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்து வருவார். பெரிய வேலை என்றால் லோடு ஆட்டோவில் வந்து இறங்குவார். "வரேண்ணே" என்று மரியாதை குறையாமல் ஒரு தலையசைப்பு, அதோடு படியேறிவிடுவார். அந்தக் காலடிச் சத்தம் மேலே அறைக்கு அறை நடப்பதைப் பூட்டுக்கடைக்காரர் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். திருடன் போனால் போகட்டும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. அவருக்குச் சகலை வேண்டியிருந்தது, அதுதான் உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடிக்கையாக ஊற்றும் பம்ப் ரிப்பேர் என்று கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஊருக்கு அந்தப் பக்கம், சகலையின் பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கிற பம்புக்குப் போனார். சீருடை போட்ட ஒரு பெண் டீசல் விட்டாள். நாசில் டக் என்று நின்றது. இவர் வழக்கம்போல இடுப்பைக் கொடுத்து வண்டியை ஆட்டி, இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். அவள் நாசிலை எடுத்துத் தாங்கியில் மாட்டிவிட்டாள்.

"டக்குன்னு நின்னா அதோட சரி சார். அதுக்கு மேல விடக் கூடாதுன்னு எங்க மேனேஜர் சொல்லியிருக்காரு."

விடுவாரா இவர்? அது நுரைம்மா, ஃபுல் ஆகவில்லை என்று எடுத்துச் சொன்னார். அவள் வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். இந்தச் சாம்பல் வண்டி முன்னாடியெல்லாம் இங்கேதான் வரும், கம்பி கட்டிக்கொண்டு வருகிற அண்ணன் டக் என்றதும் போதும் என்று காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், ஒருநாளும் இப்படி நின்று வம்பு பண்ணினது இல்லை என்றாள். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பூட்டுக்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு ஏறினார்.

கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தினார். அந்த வாரம் ஓடிய தூரம் எவ்வளவு, இப்போது விட்ட டீசல் எவ்வளவு? பழக்கதோஷம், வகுத்துப் பார்த்தார். மறுபடியும் வகுத்துப் பார்த்தார்.

இருபத்துமூன்று.

வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டே சகலை சொன்ன அதே எண். யாரும் தொடாத வண்டி, தானே ஓட்டிய வண்டி, பூட்டின டேங்க், சாவி தன் பையில்.

அப்போதும் மனுஷன் உடனே நம்பிவிடவில்லை. விடிந்ததும் தன் பழைய பம்புக்குப் போனார், நல்லவேளையாகத் திறந்திருந்தது. நேற்றுத்தான் ஃபுல் பண்ணினது என்று தெரிந்ததும் பம்ப்காரன் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். விடு என்றார். ஆட்டி ஆட்டி, நுரை அடங்க அடங்க, தொண்டையில் பளபளப்பு தெரிகிற வரைக்கும் விட வைத்தார். ஃபுல்லாக இருந்த வண்டி இன்னும் ஐந்து லிட்டர் குடித்தது.

அந்த ஐந்து லிட்டர்தான். அதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை. சகலை எப்போதும் டக் என்ற இடம் வரைக்கும் நிறைத்துக் கொடுத்தார். இவர் எப்போதும் தொண்டை வரைக்கும் நிறைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறை வண்டி கை மாறும்போதும் இவர் தான் ஓட்டினதற்கு மேல் ஐந்து லிட்டர் ஊற்றினார், சகலை தான் ஓட்டினதில் ஐந்து லிட்டர் குறைத்து ஊற்றினார். பதிமூன்றும் நிஜம், இருபத்துமூன்றும் நிஜம். இரண்டு வாரத்து ஓட்டத்தையும் இரண்டு பேர் டீசலையும் சேர்த்துப் பார்த்திருந்தால் பதினேழுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். பொய் என்று முடிவு கட்டின எண்ணை எவன் கூட்டிப் பார்ப்பான்? திருடினவன் யாரும் இல்லை. பம்பை நம்பாத மனுஷன் தன் டீசலைத் தானே அள்ளிக் கொடுத்துவிட்டு, வாங்கினவரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஆமாம், சந்தோஷம்! இத்தனை மாதம் குடைந்த முடிச்சு அவிழ்ந்ததே, சகலை திருடன் இல்லையே! வெட்கம் பின்னாலேயே வந்தது, ஆனால் சந்தோஷம் முந்தி ஓடியது. சகலை வயிறு குலுங்கச் சிரிப்பார் என்று நினைத்தார். அன்று சாயங்காலமே வாசலில் மறுபடியும் இரண்டு நாற்காலி போட்டுவிடலாம் என்று நினைத்தார்.

பெண்டாட்டியிடம் கூடச் சொல்லாமல் நேராக மாடி ஏறினார். கதவைத் திறந்த சகலை, வாங்கண்ணே என்று உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மச்சினிச்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டாள். பூட்டுக்கடைக்காரர் உட்காரக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டார். டேங்கின் கழுத்து எப்படி இருக்கும், நுரை எப்படி ஏறும், டக் என்று எங்கே நிற்கும் என்று காற்றிலேயே கையால் வரைந்து காட்டினார். இருபத்துமூன்று வந்ததைச் சொன்னார். ஃபுல் டேங்க் ஐந்து லிட்டர் குடித்ததைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சகலை சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தரம், அட என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"தப்பு முழுக்க என் மேலதான் சகல. என்ன மன்னிச்சுடுங்க. வண்டிய எடுத்துக்கங்க, இந்த வாரம் உங்க முறைன்னு வச்சுக்கங்க." வண்டிச் சாவியை மேஜை மேல் வைத்தார்.

"ஐயோ, மன்னிப்பெல்லாம் எதுக்குண்ணே. டீசல் எங்க போச்சுன்னு தெரிஞ்சுதே, அதுவே போதும்." சகலை சாவியைப் பார்த்தார். "தெரியாமலே போயிருந்தாண்ணே?"

பூட்டுக்கடைக்காரர் சாவியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தினார்.

"நான் எடுக்கலன்னு உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். அது உங்களுக்குப் பத்தல. இன்னைக்கு டேங்க் சொன்னதும் பத்திடுச்சு."

கோபமாகச் சொன்னாரா என்று பூட்டுக்கடைக்காரர் அந்த முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர் முகத்தில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தே பழகிய கண். அதில் கோபம் எள்ளளவும் இல்லை. இருந்திருந்தால் காலைப் பிடித்தாவது தீர்த்திருப்பார்.

சகலை சாவியை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மூடிவிட்டார்.

"வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு உங்க மேல வருத்தம் எதுவும் இல்ல. ஆனா உங்ககூட ஒரு பொருளப் பங்குல வச்சுக்க எனக்குப் பயமா இருக்குண்ணே. நாளைக்கு வேற ஏதாவது கணக்கு இடிக்கும். அன்னைக்கும் எங்கிட்ட சொல்றதுக்கு என் வாய்வார்த்த ஒண்ணுதான் இருக்கும்."

டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றாள் மச்சினிச்சி. பூட்டுக்கடைக்காரர் உட்கார்ந்து குடித்தார். சகலை சொன்னதில் எங்காவது ஒரு பொய், வீம்புக்குச் சொன்ன ஒரு வார்த்தை இருந்துவிடக் கூடாதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. எதுவும் அகப்படவில்லை. ஒரு மனுஷன் சொன்னதை எந்தச் சோதனையும் இல்லாமல், முழுசாக, அவர் நம்பியது அதுதான் முதல் தடவை.